அச்சேறாத அருங்காட்சியகங்கள்

பண்பாட்டு அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. அடுத்து காட்சிக்கூடத்தில் நடந்த கண்காட்சிகள், குத்துவிளக்கு ஏற்றிய விருந்தினர்களின் படங்கள். கடைசியில், பக்கம் மிச்சமிருந்தால், பதிப்புப் பணி. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். தன்னிடம் இருக்கும் பொருள்கள் எவை, எங்கிருந்து வந்தவை, யார் செய்தவை என்று எழுதி அச்சிட்டு மக்கள் கையில் கொடுக்காத ஓர் அறக்கட்டளை, எத்தனை கண்காட்சி நடத்தியிருந்தாலும் தன் கடமையில் பாதியைக்கூடச் செய்யவில்லை என்றே நாம் கருதுகிறோம். அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் துறைக்கும் அளவுகோல் இதுதான். அவை மக்கள் பணத்தில் நடப்பவை என்பதால் அவற்றின் தவறு இன்னும் பெரிது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் சிவபுரம் நடராஜரின் வரலாற்றைக் கேட்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர்காலச் செப்புத்திருமேனிகளில் அவரும் ஒருவர். 1954இல் பழுது பார்ப்பதற்காக ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அதற்கே அபிஷேகமும் ஆராதனையும் நடந்தன, ஊருக்குத் தெரியவில்லை, அதிகாரிகளுக்கும் தெரியவில்லை. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில், சிவபுரம் கோயிலில் இருப்பது போலி, அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்று எழுதினார். களவை வெளியே கொண்டுவந்தது காவல் நிலையமோ அறநிலையத் துறையோ அல்ல, அச்சிட்ட ஒரு புத்தகம். அதற்குப் பிறகும் சிலை கடல் கடந்தது. 1973இல் அமெரிக்கச் செல்வந்தர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. வழக்கு நடந்து 1986இல்தான் நடராஜர் நாடு திரும்பினார்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரின் கதை வேறு மாதிரி. 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்விட்டார். அது பத்தூர்க் கோயிலுக்கு உரியதுதான் என்று காட்ட ஒரு படமும் இல்லை, ஒரு பதிவும் இல்லை. ஆகவே சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் ஆராய வேண்டியதாயிற்று. அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அதன் வார்ப்பை ஒப்பிட்டு நிபுணர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு 1988இல் வந்தது. மேல்முறையீடும் முடிந்து 1991இல் சிலை நாடு திரும்பியது. நீதி கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே ஒரு புகைப்படம் இருந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

அந்தப் புகைப்படம் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சான்று. பூசை நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயில் அது. 2008இல் கதவைத் திறந்தபோதுதான் திருமேனிகள் களவு போனதே தெரிந்தது. அதே ஆண்டில் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. கையில் ஆவணங்கள் இருக்கின்றன என்று அந்தக் கலைக்கூடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பிலிருந்து 1994இல் கோயிலுக்குள் எடுத்த ஒரு படம் வெளிவந்தது. விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரர் கற்சிலைக்கும் அதே நிறுவனம் 1974இல் எடுத்த படம்தான் சாட்சி. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, ஊர்ப் பெயரும் நாளும் குறித்து வைத்தது. அந்தப் பணிக்கு விழா கிடையாது, மாலை மரியாதை கிடையாது. எடுத்தவர்களில் பலர் அதன் பயனைக் காணவும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அறக்கட்டளைகளைப் பார்ப்போம். 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைத் திறந்தது. கட்டடக் கலைஞர்கள் லாரி பேக்கரின் கைவண்ணமும் பென்னி குரியகோஸின் உழைப்பும் அதில் இருக்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு என்று தென்னகத்தின் குடியிருப்புகள் அங்கே பத்து ஏக்கரில் நிற்கின்றன. உரியவர்கள் இடிக்கத் துணிந்துவிட்ட வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்தரமுமாகப் பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து மீண்டும் கோத்து எழுப்பினார்கள். அப்படி வாங்காமல் விட்டிருந்தால் அந்தத் தூண்கள் பழைய மரச் சாமான் கடைகள் வழியாக ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போயிருக்கும். காரைக்குடி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. ஆகவே இந்த அறக்கட்டளை செய்தது பெரிய காரியம் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. அங்குள்ள வரிஜா காட்சிக்கூடத்தில் கலைஞர்களுக்கு இடம் தருவதும் குயவரையும் கூடை முடைபவரையும் குழந்தைகள் கண்முன் உட்கார்ந்து வேலை செய்ய வைப்பதும் நல்ல பணிகளே.

ஆனால் பிரித்துக் கொண்டுவந்த வீடு ஒன்று, அது நின்ற ஊரோடு கொண்டிருந்த உறவை இழந்துவிடுகிறது. திண்ணை எந்தத் தெருவைப் பார்த்திருந்தது, பக்கத்து வீடு யாருடையது, எந்தக் கொத்தனார் சுண்ணாம்பு பூசினார், வளவில் எந்த அறையை யார் புழங்கினார்கள், வேலைக்காரர்கள் எந்த வாசல் வரை வரலாம் என்பவற்றைச் சுவர் சொல்லாது. அவை ஏட்டில் இருந்தால்தான் உண்டு. பிரிக்கும் முன் எடுத்த அளவு வரைபடங்கள், அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் வாய்மொழி, ஆசாரிகளின் சொல்வழக்கு, எது அசல் எது பிற்காலத்தில் சேர்த்தது என்ற ஒப்புதல் ஆகியவற்றை அச்சில் தருவது அந்த வீட்டைக் காப்பதன் கூடுதல் வேலை அல்ல, அதன் ஒரு பகுதி. வீட்டைப் பெயர்த்து நடுவதற்கு எடுத்த அக்கறையில் ஒரு பங்கை அதைப் பற்றிய நூலுக்கும் எடுக்கும்படி எந்த அறக்கட்டளையையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. முன்பு செய்து காட்டியிருக்கிறார்கள். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம் ஒரு பதிப்பகம்போலவே இயங்கியது. அங்கிருந்த இந்து உலோகத் திருமேனிகளுக்கு கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932இல் விளக்க அட்டவணை வெளியிட்டார்கள். அமராவதிச் சிற்பங்களைப் பற்றிய சி. சிவராமமூர்த்தியின் நூல் 1942இல், உலகப் போரின் நடுவே வந்தது. தஞ்சை சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு பி.பி.எஸ். சாஸ்திரி 1928 தொடங்கிப் பத்தொன்பது தொகுதிகளாக அட்டவணை தந்தார். ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீயின் பட்டியல் 1915இல் அச்சாயிற்று. கணினி கிடையாது, நகலெடுக்கும் கருவி கிடையாது, கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலம். இன்றைக்கும் ஆய்வாளர் மேசையில் இருப்பவை அந்தப் புத்தகங்கள்தான்.

அதே ஆதிச்சநல்லூரில் இந்தியத் தொல்லியல் துறை 2004இல் மீண்டும் தோண்டியது. அதன் அறிக்கைக்காகத் தமிழ் மக்கள் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தார்கள், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனார்கள். கீழடியில் முதலிரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார்கள். அறிஞர்களுக்குள் காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கட்டும். அறிக்கையை அச்சிட்டு, மறுப்பையும் பக்கத்திலேயே அச்சிடுவதுதான் ஆய்வு நெறி. அச்சுக்கு வரும் முன்பே இரண்டு ஆண்டு கிடப்பில் போடுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. மாநிலத் தொல்லியல் துறை கீழடி நான்காம் கட்ட அறிக்கையை 2019இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. பள்ளி ஆசிரியர்கள் வாங்கினார்கள், கல்லூரி மாணவர்கள் வாங்கினார்கள், ஊரெங்கும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். புத்தகம் முந்தி வந்ததால்தான் பார்க்கப் போனவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து போனார்கள்.

பதிப்பு ஏன் பின்தள்ளப்படுகிறது? பணம் தருபவர்களின் மனப்போக்கு ஒரு காரணம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பெருநிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய இரண்டு விழுக்காட்டில் பண்பாட்டுப் பாதுகாப்பும் இடம்பெறுகிறது. ஆனால் கொடுப்பவர் பெயர் பொறித்த கல் பதிக்க ஒரு சுவர் வேண்டும் என்று நினைக்கிறார். காட்சிக்கூடத்துக்கு அந்தச் சுவர் இருக்கிறது. மூன்று ஆண்டு உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்த்து, ஒவ்வொரு பொருளையும் அளந்து, படம் எடுத்து, குறிப்பு எழுதும் இளைஞரின் சம்பளத்துக்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ஆகவே அந்த வேலைக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பதிவேடு பழசாகிறது. பதிவேட்டை எழுதிய மூத்தவர் ஓய்வு பெறும்போது, அவருக்கு மட்டும் தெரிந்தவை அவரோடு போய்விடுகின்றன. அறங்காவலர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் அடுத்த கண்காட்சிக்கு நாள் குறிக்கிறார்கள். அதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

வெளியிடுபவர்களிலும் சிலரிடம் ஒரு குறை உண்டு. பளபளப்புத் தாளில், கையில் தூக்க முடியாத கனத்தில், ஆங்கிலத்தில் மட்டும், ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில் நூல் வருகிறது. தறியைக் கொடுத்த நெசவாளர் குடும்பம் அதை வாங்கவும் முடியாது, வாங்கினாலும் படிக்கவும் முடியாது. யாருடைய பாட்டன் முப்பாட்டன் அறிவைச் சேகரித்தார்களோ அவர்களுக்கே அது எட்டாமல் போவது அநீதி. தமிழில், கறுப்பு வெள்ளைப் படங்களோடு, நூலகங்களும் ஊராட்சிப் பள்ளிகளும் வாங்கக்கூடிய விலையில் ஒரு பதிப்பு சேர்ந்து வரட்டும்.

தனியார் முயற்சி இதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா, கையில் இருந்ததையெல்லாம் செலவிட்டு நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள் என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்க உதவியது. அட்டவணைப்படுத்தியதும் நுண்படம் எடுத்ததும்தான் அந்தச் சேகரிப்பைத் தமிழ் ஆய்வின் அடித்தளமாக்கின. கடலுக்கு அந்தப் பக்கம் 1981 ஜூன் முதல் நாளின் இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சேறியிருந்த நூலுக்கு வேறெங்கோ இன்னொரு படி இருந்தது. அச்சேறாத சுவடியோ அன்றோடு முடிந்தது. அந்த இழப்பின் வலியை அறிந்தவர்கள்தான் பின்னாளில் நூலகம் என்ற பெயரிலேயே இணையத் தொகுப்பைத் தொடங்கி, ஈழத்துத் துண்டுப்பிரசுரம் வரை மின்படியாக்கி, விலையில்லாமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. அவர்களால் முடிகிறது என்றால், கட்டடமும் நிதியும் ஊழியர்களும் உள்ளவர்கள் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

ஒரு சமாதானம் சொல்கிறார்கள். எங்கே என்ன இருக்கிறது என்று வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகும் என்பது அது. கோயில் திருமேனிகளை மொத்தமாகப் பாதுகாப்பு மையங்களில் வைத்துப் பூட்டியிருக்கும் அறநிலையத் துறைக்கும் இந்த அச்சம் இருக்கலாம். ஆனால் ஸ்ரீபுரந்தானில் இருந்தது பூட்டுதான், வெளியீடு அல்ல. கள்வனுக்கு உள்ளூர்த் தரகன் சொல்லிவிடுகிறான். தெரியாமல் இருப்பது ஊரும் உலகமும்தான். படத்தோடும் அளவோடும் அச்சில் வந்துவிட்ட சிலையை எந்தப் பெரிய ஏலக்கூடமும் ஏலத்துக்கு ஏற்கத் தயங்கும். யாராவது வாங்கினாலும் வைத்துக்கொள்ள முடியாது. பாதுகாப்பு அறையின் இருப்பிடமும் காவல் ஏற்பாடும் இரகசியமாக இருக்கட்டும். திருமேனியின் உருவமும் ஊர்ப் பெயரும் இரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பண்பாட்டு அறக்கட்டளையும் தன் சேகரிப்பில் எத்தனை பொருள்கள் உள்ளன, அவற்றில் எத்தனை பதிவாகியுள்ளன, எத்தனை அச்சில் வந்துள்ளன என்ற மூன்று எண்களை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டும். நன்கொடை தரும் நிறுவனங்கள் கண்காட்சிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பட்டியலிடும் பணிக்கென்று எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு பாதுகாப்பு மையங்களில் உள்ள திருமேனிகளின் விளக்க அட்டவணையை மாவட்டவாரியாக, தமிழில், குறைந்த விலையில் வெளியிட வேண்டும். முதல் தொகுதியைத் திருவாரூர் மையத்திலிருந்து தொடங்கலாம்.