பொலிஸைக் கேள்வி கேட்கத் தெரிந்த சட்டத்தரணிகள் நமக்கு வேண்டும்



ஒரு தோட்டத்தில் ஏதாவது பொருள் காணாமற்போனால் பொலிஸ் ஜீப் முதலில் வந்து நிற்பது லயத்து வாசலில்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இரவு உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. மறுநாள் கோர்ட்டு வாசலில் அவசரமாகப் பிடித்த சட்டத்தரணி, "குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடும்" என்கிறார். நாமும் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரில் குற்றவாளி என்ற பதிவு நின்றுவிடுகிறது.

2023 மே மாதத்தை நாம் மறக்கவில்லை. பதுளையைச் சேர்ந்த, கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த நமது சகோதரி ஒருவர், திருட்டு முறைப்பாட்டின் பேரில் கைதாகி, பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அவருக்காகக் குரல் எழுந்தது அவர் இறந்த பிறகுதான். உயிரோடு இருக்கும்போதே எழ வேண்டிய குரல் சட்டத்தரணியின் குரல்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை செய்தவருக்கு ஏழு முதல் பத்து ஆண்டு சிறை. பிடியாணை இல்லாமல் கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். சாதாரண குற்ற வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே போகலாம் என்று 2012இல் வர்த்தமானியில் விதிகளும் வந்துவிட்டன.

ஆனால் சட்டம் தானாக எழுந்து பேசாது. பேச வைக்க வேண்டியவர் சட்டத்தரணி. உண்மையில் எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், பொலிஸ் புத்தகத்தில் எத்தனை மணி என்று எழுதியிருக்கிறார்கள்? வாக்குமூலத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னார்களா? உடம்பில் காயம் உண்டா? இவற்றை அவர் கேட்க வேண்டும். காயம் இருந்தால் முதல் நாளே நீதவானிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். ஒரு வாரம் போனால் காயம் ஆறிவிடும். காயத்தோடு சாட்சியும் போய்விடும்.

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிணையில் வந்து, கைக்காசு தேடி, கொழும்புக்குப் போவதற்குள் அந்த மாதம் முடிந்துவிடுகிறது. அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இந்த ஒரு விஷயத்தைச் சரியான நேரத்தில் சொல்லும் சட்டத்தரணி கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு நீதியின் கதவு திறந்திருக்கும்.

சட்டத்தரணிகளை நாம் குறை சொல்லவில்லை. சிறிய நகரத்துக் கோர்ட்டில் தினமும் அதே பொறுப்பதிகாரியின் முகத்தில் விழிக்க வேண்டியவர், தனி ஆளாக அவரை எதிர்த்துக் கேட்பது இலேசான காரியம் அல்ல. அதனால்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம். குறுக்கு விசாரணை செய்வது எப்படி, வைத்திய அறிக்கையை வாசிப்பது எப்படி, மனு எழுதுவது எப்படி என்று பத்துப் பேர் சேர்ந்து படித்தால், பத்துப் பேருக்கும் துணிவு வரும். ஒருவர் எழுந்து கேட்டால் மற்றவர் துணை நிற்பார்.

ஆகவே இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இந்தப் பயிற்சியைக் கொழும்போடு நிறுத்தாமல், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழில் நடத்த வேண்டும் என்று கோருகிறோம். நாள் சம்பளத்துக்காகக் குரல் கொடுப்பதைப் போலவே இதற்கும் குரல் கொடுப்போம். சங்கம் நமக்காக அமர்த்தும் சட்டத்தரணிகளும் இந்தப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும்.

நமது பங்கும் உண்டு. யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர், ஜீப் இலக்கம் எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள். காயம் இருந்தால் படம் எடுங்கள். வெளியே வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய், அடி எப்படி விழுந்தது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தை லயத்துச் சுவரில் எழுதுங்கள்.

திருடியவரைக் காப்பாற்ற நாம் கேட்கவில்லை. குற்றவாளி யார் என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும், பொலிஸ் கூட்டுக்குள் விழும் அடி முடிவு செய்யக் கூடாது. நாம் கேட்பது அவ்வளவுதான்.