தஞ்சை இசைத்தொண்டும் மின்முழவு மறுப்பும்

சிவபெருமான் திருக்கோயில்களில் நிகழும் நித்திய பூசையினும் திருவிழாவினும் இசைத்தொண்டு இன்றியமையா உறுப்பாதல் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததொன்று. அறிந்திருந்தும், இஞ்ஞான்று கோயில்கள் பலவற்றில் நாகசுரமும் தவிலும் நின்ற இடத்தில், மின்விசையால் இயங்கும் முழவும் மணியும் பொருத்திய இரும்புப் பொறியொன்று நிற்கின்றது. பூசைவேளையில் ஒருவர் விசையை அழுத்தத் தானே முழங்கி, மீண்டும் அழுத்த ஓய்கின்றது. ஓதுவார் பாடவேண்டிய இடத்தில் ஒலிப்பதிவு பாடுகின்றது. இதனைக் குறையென்று கொள்ளாது முறையென்றே நாட்டுவாரும் உளர். அவர் கூற்று சைவநூற் றுணிபொடு மாறுகொள்ளுமாறு, தஞ்சைமாநகரின் இசைவரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டுக் காட்டப்படும்.

அவர் கூறுவன மூன்று. இறைவன் திருமுன்பு வேண்டப்படுவது மங்கல ஒலியே; அதனை மக்கள் எழுப்பினும் பொறி எழுப்பினும் ஒலி ஒன்றே என்பது முதலாவது. வருவாயற்ற கோயில்கள் இசைவாணரைப் புரத்தற்கு இயலாமையின் பொறியே தக்கது என்பது இரண்டாவது. இசையானது அவைக்களங்களிலும் ஒலிப்பதிவுகளிலும் இனிது வாழ்தலின், கோயிலில் இல்லாமையால் அதற்கு வருங்கேடு யாதுமில்லை என்பது மூன்றாவது.

இவற்றை ஆராயுமுன், தஞ்சைப் பெருங்கோயில் கூறும் சான்றை நோக்குதல் வேண்டும். முதலாம் இராசராசசோழர் 1010 ஆம் ஆண்டளவில் எடுப்பித்து முடித்த இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களுள் ஒன்று, திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யும் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரைத் தனித்தனியே பெயர் சுட்டி உரைக்கின்றது. ஒருவர்க்கு நாள்தோறும் நெல்லு 3 குறுணியாக, ஐம்பதின்மர்க்கும் நாளொன்றுக்கு 150 குறுணி, அஃதாவது 12½ கலம் நெல்லு, கோயிற் பண்டாரத்தினின்றும் அளக்கப்பட்டது. மற்றொரு கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோடு, நட்டுவஞ் செய்வார், வங்கியம் ஊதுவார், வீணை வாசிப்பார், ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், முத்திரைச்சங்கு ஊதுவார் முதலிய பலர்க்கும் பங்கு வகுக்கின்றது. பங்கொன்றுக்கு ஆண்டில் நெல்லு 100 கலம். பொன்னும் மணியும் விளக்கும் படிமமும் ஈந்த அரசர், அவற்றோடு ஒப்பவே மனிதர் குரலையும் கோயிற்கு நிவந்தமாக வைத்தார் என்பது இதனாற் போதரும்.

இவ்வேற்பாட்டின் உயிர்நிலை பிறிதோரிடத்துள்ளது. இப்பாடுவாருள் ஒருவர் இறந்துபடின் அல்லது வேற்றூர் சென்றுவிடின், அவர்க்கு அணுக்கரான உறவினர் அந்நெல்லுப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தாம் தகுதியுடையரல்லராயின், தகுதியுடையார் ஒருவரைத் தெரிந்து பாடுவித்தல் வேண்டும். உறவினரே இலராயின், ஏனைய பாடுவாரே தக்காரைத் தெரிந்து அமர்த்தல் வேண்டும் என அக்கல்வெட்டு விதிக்கின்றது. பாடுவார் இல்லாத நாளொன்று வரலாகாது என்பதே அரசர் கருத்து. பிறப்புரிமையை ஏற்றுக்கொண்டும், அதனினும் தகுதியை மேலாக வைத்தது அவ்விதி. குலத்தொழிலோர் மக்கள் வேறு தொழில் நாடினர், ஆகலின் பொறி வைத்தோம் என்பார்க்கு இக்கல்லே விடையிறுத்து நிற்கின்றது.

இனி முதற்கூற்றை நோக்குக. ஒலி ஒன்றேயாதலின் எழுப்புவார் யாராயினும் ஆகுக என்பது தொண்டின் இயல்பு அறியாதார் கூற்றாம். என்னை? திருமுன்பு நிகழும் இசை இறைவனது குறையை நிறைத்தற்கு அன்று; அவன் குறைவிலா நிறைவினன். அத்தொண்டு உயிர் தன்னைப் பற்றிய மலவலி தேய்தற்பொருட்டுத் தான் செய்வது. சிவஞானசித்தியார் தாசமார்க்கத்தைக் கூறுமிடத்து, திருக்கோயில் அலகிடுதல், மெழுகுதல், மலர் தொடுத்தல், விளக்கிடுதல் என்பவற்றோடு புகழ்ந்து பாடுதலையும் வைத்து எண்ணிற்று. இவையனைத்தும் மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றும் இறைபணியில் நிற்றற்கு வகுத்த நெறிகள். சடமாகிய பொறிக்கு மலமும் இல்லை, மலநீக்கமும் இல்லை. அது பாடியதனாற் பயன்பெறும் உயிர் யாது?

அற்றேல், நாகசுரமும் மரத்தாலாய சடமேயன்றோ, விளக்குமாறும் சடமேயன்றோ எனின், கருவியையும் கருத்தாவையும் பகுத்துணராத கடா அது. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சித்தாந்தம் படித்தார் யாவரும் அறிவர். நாகசுரம் திரிகை போல்வது. ஊதுவோன் குயவன் போல்வான். விசையை அழுத்தினவனே நிமித்தகாரணமாகுக எனின், திரிகையைச் சுழற்றிவிட்டு எழுந்து சென்றான் குயவனாகான் என மறுக்க. மூச்சும் விரலும் நினைவும் கருவியோடு ஒன்றி நின்றபொழுதே அது தொண்டெனப்படும்.

அன்றியும், பொறி எழுப்பும் ஒலி கோயிலிசையோடு ஒப்பதும் அன்று. சுவாமி புறப்பாட்டிற்கு மல்லாரி வாசித்தல் மரபு. கம்பீரநாட்டையில், சொல்லின்றிச் சதிக்கட்டாக அமைந்த அம்மல்லாரி, தளிகை எழுந்தருளுங்கால் ஒருவகை, தீர்த்தத்திற்கு ஒருவகை, தேருக்கு ஒருவகை என வேறுபடும். தேவாரப் பண்களுள்ளும் புறநீர்மை விடியற்கும், மேகராகக்குறிஞ்சி இரவிற்கும் உரியன. பள்ளியறைக்கு நீலாம்பரி இசைக்கும் நாகசுரக்காரர், திரை விலகுதலையும் தீபம் எழுதலையும் கண்ணாற் கண்டு, அதற்கியைய இசையை விரித்தும் குறுக்கியும் நிற்பர். இரும்புப்பொறிக்கோ விடியலும் நள்ளிரவும் ஒன்றே. அபிடேகமும் ஆராதனையும் ஒன்றே. அதன் முழக்கில் குருக்கள் கூறும் மந்திரமும் கேளாது, அடியார் பாடும் பதிகமும் கேளாது. மங்கல ஒலி என்று கொண்டுவந்தது மங்கல ஒலிகளையே விழுங்குதல் காண்க.

இரண்டாங் கூற்றுக்கு விடை வருமாறு. சிறிய கோயில்கள் பல வறுமையுற்றிருத்தல் உண்மையே, அதனை மறுப்பாரில்லை. ஆயின், பொறி வாங்கும் பொருள் எங்கிருந்து வந்தது? அன்பர் ஒருவர் உபயமாக ஈந்தார் என்பர். அவ்வுபயத்தையே ஓராண்டிற்கு ஒரு தவில்காரர்க்கோ ஓதுவார்க்கோ ஆக்கினால் ஆகாதென்பது யாண்டையது? பொறிக்குப் பெயர்ப்பலகை உண்டு, பாடுவோர்க்கு இல்லை என்பதே மெய்க்காரணமாயின், அது வறுமையன்று, விளம்பர விருப்பமாம். உபயம் செய்வாரும் இல்லாத ஊரில், அடியார் ஒருவர் கையில் தாளமேந்தித் தாமறிந்த பதிகத்தைப் பாடுக. சங்கு ஊதவல்லார் ஊதுக. பிழைபடப் பாடும் அன்பர் ஒருவரது குரல், பிழையின்றி முழங்கும் பொறியினும் சிவபெருமானுக்கு உவப்பாம் என்பதில் ஐயமில்லை.

இசைவாணர் மக்கள் அத்தொழிலை விட்டு நீங்கியதற்குப் பொருட்குறை மட்டுமோ காரணம்? மதிப்புக்குறையும் ஒரு காரணம் என்க. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாயில் யாழ் வாசித்தபொழுது, தரையின் ஈரத்தால் யாழ்நரம்பு தளரும் என்று பலகை இடுவித்தவன் இறைவன். அவரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் வேள்விச்சாலையில் தங்குதற்கு இடங்கொடுத்தவர் திருநீலநக்க நாயனார். பாணருடைய நரம்பிற்கு வருந்தீங்கையும் பொறாத பெருமான் திருமுன்பில், வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்காய் நின்று ஊதுவார்க்கு இருக்கை ஈயாமையும், அவரைக் கூலியாளர் எனக் கருதுதலும் எந்த ஆகமத்தில் உள்ளன?

மூன்றாங் கூற்றைத் தஞ்சையின் வரலாறே வீழ்த்தும். இரகுநாத நாயக்கர் காலத்தும் அவர்க்குப் பின்னும் அந்நகர அரண்மனை இசைநூல்கட்குப் பிறப்பிடமாயிற்று. 72 மேளங்களை வகுத்த வேங்கடமகியும் அவண் வாழ்ந்தவரே. மராட்டிய மன்னர் காலத்தில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஆடற்கும் பாடற்கும் முறை வகுத்தனர். ஆயினும் 1855 ஆம் ஆண்டில் மன்னர் சிவாசி ஆண்மகவின்றி இறக்க, அரசவை ஒழிந்தது. அதனைச் சார்ந்த இசைவாணர் பலர் சென்னை முதலிய ஊர்களுக்குச் சிதறினர். புரப்போன் ஒருவன் மறைய அவன் அவை மறைதல் இயல்பு. இன்றை இசையவைகளும் கேட்போர் விருப்பத்தாலும் செல்வர் கொடையாலும் நிற்பன. அவை அவ்விரண்டும் மாறுங்கால் மாறும். அன்றியும், தேரில்லா மேடையில் தேர்மல்லாரிக்கு இடமேது? பள்ளியறையில்லா மன்றத்தில் அதற்குரிய பாட்டிற்குப் பொழுதேது? ஒலிப்பதிவு பாடினாரது நிழலைக் காக்கும். அடுத்துப் பாடுவாரை அது பெற்றெடாது.

இன்னுமொன்று. தஞ்சைப் பெருங்கோயில் 1987 ஆம் ஆண்டில் உலக மரபுச்சின்னமாக ஏற்கப்பட்டது. 2004 இல் கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் உடன்சேர, அம்மூன்றற்கும் ‘வாழும் பெருஞ்சோழர் கோயில்கள்’ என்ற பொருளில் பெயர் வழங்கிற்று. வாழ்தல் என்னும் சொல் கல்லைக் குறியாது. பூசையும் பாட்டும் நிகழ்தலினாலேயே கோயில் வாழ்வதாயிற்று. 2020 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5 ஆம் நாள் அங்கு நிகழ்ந்த குடமுழுக்கிற்கு முன்னர், தமிழோ வடமொழியோ என வழக்கெழுந்து உயர்நீதிமன்றம் வரை சென்று, ஈற்றில் இருமொழியானும் நிகழ்ந்தது. ஆரியம் பாடுவாரையும் தமிழ் பாடுவாரையும் ஒரே கல்வெட்டில் வைத்த அக்கோயிலில் அவ்வழக்கு எழுந்ததே வியப்பு. எம்மொழியிற் பாடுவது என்று வழக்காடினார் இருதிறத்தாரும், இன்னும் ஐம்பதாண்டு கழித்துப் பாடுவார் யார் என்று வினவினாரில்லை.

ஆகலின், மின்முழவு ஒலியாற் கோயிலிசை நிரம்பாதென்பதும், வறுமை அதற்குத் தக்க காரணமாகாதென்பதும், அவைக்களம் கோயிற்கு மாற்றாகாதென்பதும் பெறப்பட்டன. சைவ அன்பர்கள் தத்தம் ஊர்க்கோயிலில் பாடுவார் ஒருவரும் கொட்டுவார் ஒருவருமேனும் உளரோ என்று முதற்கண் ஆராய்க. உளராயின், அவர்க்குரிய படி தவறாது சேர்தலையும், உரிய இருக்கையும் மரியாதையும் கிடைத்தலையும் காண்க. இலராயின், இராசராசர் விதித்தவாறு தகுதியுடையாரைத் தெரிக; அவர் எக்குடியிற் பிறந்தாராயினும் ஆகுக. சிறார்க்குப் பண்ணும் தாளமும் கற்பிக்கத் திங்கள்தோறும் ஒருசிறு பொருள் ஒதுக்குக. பொறியைத் திருமுன்பினின்று நீக்குதற்கு ஒருநாள் போதும்; அவ்விடத்தில் ஒரு குரலை நிறுத்துதற்குப் பல்லாண்டு வேண்டும். அப்பணியை இன்றே தொடங்குதல் கடன்.

திருச்சிற்றம்பலம்.