பஞ்சாங்கத்திற்கு அப்பாலும் விண்மீன்கள்

நட்சத்திரத்தைப் பற்றிப் பேசாத தமிழர் வீடு மலேசியாவில் குறைவு. குழந்தை பிறந்தால் நட்சத்திரம், திருமணப் பேச்சு என்றால் நட்சத்திரம், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்தாலும் நட்சத்திரம். பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியில் ஒரு சுற்று நடந்தால் ஜாதகம் கணித்துத் தரும் பலகை ஒன்றாவது கண்ணில் படும். ஆனால், இருபத்தேழு பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் நம்மில் எத்தனை பேர் கார்த்திகையை வானத்தில் கை நீட்டிக் காட்டுவோம்? சோதிடத்தைச் சாட இதை எழுதவில்லை. பெயரோடு நின்றுவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பஞ்சாங்கத்தில் இடம்பெறாத ஒரு விண்மீன் வகையைப் பற்றிச் சொல்கிறேன். 1941இல் அமெரிக்க வானியலாளர் பால் மெரில் சில விண்மீன்களுக்கு உயிரியலிலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கினார். தமிழில் கூட்டுவாழ்வு விண்மீன்கள் எனலாம். ஒன்று முதிர்ந்து பருத்துக் குளிர்ந்த செம்பெரு விண்மீன். மற்றொன்று சுருங்கிச் சூடேறிய வெண்குறு விண்மீன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. பெரியது உதிர்க்கும் வாயுவைச் சிறியது இழுத்துக்கொள்கிறது. வாயு சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் வெடிக்கிறது. வடமகுடக் கூட்டத்தில் உள்ள டி கொரோனே பொரியாலிஸ் 1866இலும் 1946இலும் இப்படி வெடித்து, சில நாள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 2024 செப்டம்பருக்குள் மீண்டும் வெடிக்கும் என்று நாசா உட்படப் பலரும் எதிர்பார்த்தார்கள். அந்த மாதமும் சும்மா கடந்துபோனது.

இத்தகைய விண்மீனைப் புரிந்துகொள்ள அதன் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்க வேண்டும். (நிறமாலை! எவ்வளவு அழகான சொல். நம்மில் பலர் எஸ்.பி.எம். இயற்பியலில் இதை 'ஸ்பெக்ட்ரம்' என்று மலாயில் படித்து முடித்தோம்.) சிவப்புப் பகுதியில் பெரிய விண்மீனின் ஒளியே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். நம் கண்ணுக்கு எட்டாத, 400 நானோமீட்டருக்குக் கீழான அண்மைப் புறஊதாவுக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே செம்பெரு விண்மீன் மங்கிவிடுகிறது. வெண்குறு விண்மீனும் அதைச் சுற்றிய சூடான வாயுவும் பேசத் தொடங்குகின்றன. 364.6 நானோமீட்டரை ஒட்டி ஐதரசன் ஒளி திடீரென ஏறுவதைக் கொண்டு அந்த வாயுவின் நிலையை அறியலாம். இன்னொரு விந்தையும் உண்டு. ஹீலியம் அயனி உமிழும் 30.4 நானோமீட்டர் ஒளி, தற்செயலாக உயிர்வளி அயனி ஒன்றுக்குச் சாவி போலப் பொருந்துகிறது. அதை விழுங்கிய உயிர்வளி 334, 344 போன்ற அலைநீளங்களில் பளிச்சென்ற கோடுகளை விடுகிறது. 1930களில் ஐரா போவன் அவிழ்த்த முடிச்சு இது. பூமியை எட்டாத ஒளியை எட்டும் ஒளியின் வழியே உளவு பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பெரிய ஆய்வகங்களின் வேலை, நமக்கேன் என்று நினைப்பீர்கள். நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான். 2021 ஆகஸ்டு 8ஆம் நாள் ஆர்எஸ் ஓபியூக்கி என்ற கூட்டுவாழ்வு விண்மீன் வெடித்ததை உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர் அயர்லாந்தின் கீத் கியரி. அவர் தொழில்முறை ஆய்வாளர் அல்லர். கண்ணால் வானம் பார்க்கும் ஆர்வலர். மறுநாளே நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் அதே விண்மீனிலிருந்து காமா கதிர்களைப் பதிவு செய்யத் தொடங்கின. நிறமாலையிலும் இதே நிலைதான். பிரான்சை மையமாகக் கொண்ட 'அராஸ்' குழுவினர் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுக்கும் நிறமாலைகள் ஆய்வேடுகளில் பயன்படுகின்றன. கண்ணாடி வில்லை புறஊதாவை விழுங்கிவிடும் என்பதால், ஆடிகளையே கொண்டு 'யூவெக்ஸ்' என்ற நிறமாலைமானியையும் ஆர்வலர்களே வடிவமைத்தார்கள். அலுமினியம் பூசிய ஆடிகள் கொண்ட சாதாரண நியூட்டன் வகைத் தொலைநோக்கி இதற்குப் போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விண்மீன் பார்ப்பதா என்று சிரிப்பார்கள். மழை, மேகம், ஈரக்காற்று, சில ஆண்டுகளில் புகைமூட்டம் எல்லாம் உண்மைதான். புறஊதா ஒளி இவற்றில் மற்ற ஒளியைவிட அதிகமாகவே சிதறும். ஆனால் நமக்குச் சாதகமானவற்றை யாரும் சொல்வதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம். ஆர்எஸ் ஓபியூக்கி நம் உச்சியிலிருந்து பத்துப் பாகைக்குள் கடந்து போகிறது. பாரிஸ்காரர் அதே விண்மீனை முக்கால் மடங்கு கூடுதல் காற்றின் ஊடே பார்க்க வேண்டியிருக்கிறது. புறஊதாவில் இந்த வேறுபாடு சிறியதன்று. கிள்ளான் லிட்டில் இந்தியாவின் விளக்குகள்? வெள்ளை எல்.இ.டி. விளக்கு 400 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய எதையும் உமிழ்வதில்லை. கண்ணுக்கு வெளுத்துத் தெரியும் நகர வானம், புறஊதாவுக்கு அவ்வளவு வெளுப்பாக இருப்பதில்லை.

"தமிழ்மொழிக் கழகத்துக்கும் விண்மீனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கழக நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல்லில் இலத்தீனோடு தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்காக இந்திய மொழிகளில் விளக்க நூல் கொண்டுவந்தார். பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. சவ்வாது மலையில் உள்ள காவலூரையும் மறக்க வேண்டாம். 1985இல் ஆர்எஸ் ஓபியூக்கி வெடித்தபோது அங்கே எடுத்த நிறமாலைகளை வைத்து ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் எழுதிய கட்டுரை 1989இல் வெளிவந்தது.

நம் நிலை வேறு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வரும் நமக்கு அறிவியல் என்றால் மதிப்பெண், மதிப்பெண் என்றால் மருத்துவம். பயனில்லாமல் ஒன்றை ஆராய்வது 'வேலையத்த வேலை' என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். தமிழோ மேடைக்கும் பொங்கலுக்கும் உரியதாகிவிடுகிறது. பட்டிமன்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழில் அறிவியல் பேச முடியுமா என்று ஆண்டுதோறும் இரு அணி பிரிந்து வாதாடுவதைவிட, ஓர் இரவு பேசிப் பார்த்துவிடலாமே! ஒரு கலைச்சொல் அகராதியில் இருப்பது வேறு. "கோடு மங்குது, குவியத்தைச் சரிசெய்" என்று இருட்டில் ஒருவர் மற்றவரிடம் சொல்வது வேறு. சொல் அப்போதுதான் உயிர்பெறும்.

எனவே கழகத்தின் வருங்காலச் செயலவையினரிடம் ஒரு வேண்டுகோள். முதலிலேயே யூவெக்ஸ் வேண்டாம். தொலைநோக்கிக் குழாயில் திருகிக்கொள்ளும் 'ஸ்டார் அனலைசர்' என்ற கீற்றணி, மில்லிமீட்டருக்கு நூறு கோடுகள் கொண்டது. ஒரு நல்ல கைத்தொலைபேசியைவிட விலை குறைவு. அதில் புறஊதா சரியாக வராது. பழகுவதற்கு அது போதும். பிரகாசமான விண்மீன்களில் கை பழகிய பிறகு ஆர் அக்குவாரியைப் பிடிக்கலாம். அதுவும் கூட்டுவாழ்வு விண்மீன்தான், நம் வானில் நன்கு உயரே வரும். என்ன, அது முன்னிரவில் உயரும் அக்டோபர், நவம்பரில்தான் நமக்கு அடைமழை. புறஊதாக் கருவிக்கு முன்னாள் மாணவர்கள் கைகொடுத்தால் நன்று. பொறியியல் துறையில் இருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் முப்பரிமாண அச்சில் பாகங்கள் செய்து தரலாம். இடம் வேண்டுமென்றால் கிள்ளானில் மொட்டை மாடி உள்ள வீடுகளுக்குப் பஞ்சமில்லை. வடமகுடம் ஜூலை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். ஆர்வமுள்ளவர்கள் கழக அறையில் என்னைப் பார்க்கலாம். இப்போதைக்கு மூன்று பேர் இருக்கிறோம்.