சொல்லித் தர வேண்டிய மருந்து

'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில், நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என நான்கு கூறுகளை வள்ளுவப் பெருந்தகை வகுத்துரைத்தார். மருந்து நீங்கலான மூவருள் ஒருவர் மற்றவரிடம் உண்மையை மறைத்தாலும் நல்ல மருந்தே கேடாய் முடியும். இதற்கு நம் காலத்துச் சான்று, சோடியம் வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்து.

இதன் பிறப்பே வியப்புக்குரியது. இதன் மூலமான வால்ப்ராயிக் அமிலத்தை 1882-ஆம் ஆண்டில் பர்ட்டன் என்னும் அமெரிக்க வேதியியலார் ஆக்கினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது ஆய்வுக்கூடங்களில் வெறும் கரைப்பானாகவே இருந்தது. பின்னர்ப் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் சில சேர்மங்களை அதில் கரைத்து விலங்குகளுக்குச் செலுத்தினர். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் வலிப்பு அடங்கியது. ஆற்றல் கரைபொருளில் அன்று, கரைப்பானிலேயே உள்ளது என்பதைப் பியேர் எய்மார் உணர்ந்தார். 1963-இல் இச்செய்தி வெளியாயிற்று. 1967-இல் பிரான்சில் இது மருந்தாக விற்பனைக்கு வந்தது.

மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி மின்னதிர்வு எழுப்பும்போது வலிப்பு உண்டாகிறது. அவ்வதிர்வை அடக்கும் இம்மருந்து பலவகை வலிப்புகளுக்கும் பயன்படுகிறது. உள்ளம் ஒருகால் அளவிறந்த எழுச்சியிலும் ஒருகால் ஆழ்ந்த சோர்விலும் அலைக்கழியும் இருமுனை மனநோயிலும், குறிப்பாக எழுச்சி நிலையைத் தணிக்க, இது கைகொடுக்கிறது. இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் உலக நலவாழ்வு நிறுவனம் இதற்கு இடமளித்துள்ளது. இதனால் படிப்பை முடித்தோரும் பணியில் அமர்ந்தோரும் பலராவர்.

எனினும் இதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். உடல் எடை கூடுதல், கைநடுக்கம், முடி உதிர்தல் ஆகியன நேரலாம். அரிதாகக் கல்லீரலும் கணையமும் கடுமையாகப் பழுதுறலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் ஆபத்து மிகுதி. கருவுற்ற தாய் இதனை உட்கொண்டால் தீங்கு அடுத்த தலைமுறையைத் தொடுகிறது. அத்தகைய தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பேர் வரை பேச்சு, அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் பின்தங்குகின்றனர்.

முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறைக்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு, பிரான்சின் லியோன் நகரிலிருந்து 1982-லேயே அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் எண்ணற்ற தாய்மார்க்கு அதனை எடுத்துரைப்பார் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாயான மரீன் மார்த்தேன் 2011-இல் சங்கம் நிறுவிப் போராடிய பின்னரே, 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இழப்பீட்டுக்கு வழிசெய்தது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு இதனைத் தருவதில் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கடுங்கட்டுப்பாடு விதித்தது. நோயாளிகளின் குரல் செவிமடுக்கப்படவில்லை என்று பிரிட்டனில் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான ஆய்வறிக்கை 2020-இல் இடித்துரைத்தது. அறிவு இருந்தும் அது உரியவரைச் சென்றடையாமையே அங்கு நேர்ந்த கேடு.

அங்கே மருத்துவ உலகம் மறைத்தது. இங்கே குடும்பமே மறைக்கிறது என்பது என் கருத்து. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. திருமணத்துக்கு வலிப்பை ஒரு தடையாகக் கூறிய சொற்கள் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999-இல் நீக்கப்பட்டன. சட்டம் திருந்திற்று, நம் உள்ளம் திருந்தியதா? பெண்ணுக்கு வலிப்பு என்றால் வரன் அமையாதெனப் பெற்றோர் வாய் பொத்துகின்றனர். புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஒளித்து உண்ணுகிறாள். அல்லது அஞ்சி நிறுத்திவிடுகிறாள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்புத் தோன்றி உயிரே போகக்கூடும். ஒளித்து உண்டாலோ, கருவில் வளரும் குழந்தைக்கு ஆபத்து. மறைப்பு என்னும் ஒரே பிழை அவளை இருபுறமும் வருத்துகிறது.

ஆதலின் இம்மருந்தை வெறுத்தொதுக்குதல் தீர்வாகாது. சிலருக்கு இதுவே பலனளிக்கும் மருந்தாகவும் அமைகிறது. மணத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்தால், லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் போன்ற ஆபத்துக் குறைந்த மருந்துக்குப் படிப்படியாக மாற இயலுமா என அவர் ஆய்ந்து கூறுவார். ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றே இத்தீங்கை அகற்றிவிடும் என்று நம்பியிருத்தலும் தவறு.

மருத்துவர் சீட்டு எழுதுவதோடு நில்லாது விளைவையும் விளக்கட்டும். பெற்றோர் மகளின் நோயை மணமகன் வீட்டாரிடம் ஒளிவின்றி உரைக்கட்டும். நிக்காஹ் பேசி முடிக்கும் ஜமாஅத் பெரியோர்கள், உண்மை சொன்ன வீட்டை இழிவாய் நோக்காதிருக்கட்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் தோழிக்கு வலிப்பு என அறிந்தால் விலகாதீர்கள். அருகிருந்து துணை செய்யும் அந்த நான்காம் கூறு நீங்களே.