ஊமைக் கருவி பேசிய கதை

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலைப்பொழுது. முள்ளியவளையில் என் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டது. அயல்வீட்டுப் பையன் வந்து நின்றான். என்னிடம் படித்தவன், உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவன். 2009 ஆம் ஆண்டில் தாயின் இடுப்பில் இருந்தபடியே ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்த வன்னிப் பிள்ளைகளுள் அவனும் ஒருவன். தையல் வேலை செய்து அந்தத் தாய்தான் அவனை ஆளாக்கினாள்.

"சேர், வாங்கின சாமான் செத்துப்போச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கணினியை வைபை வலையமைப்போடு இணைக்கும் சிறு கருவியொன்று அதிலே கிடந்தது. பெருவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரியது.

"செத்தது என்று எப்படித் தெரியும், தம்பி?"

"செருகினால் ஒரு வைபையும் காட்டுதில்லை, சேர். லினக்ஸ் எனக்குச் சரிவராது போல கிடக்கு."

வாசகர்களே, இந்த மறுமொழியிலே இரண்டு தீர்ப்புகள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். கருவி செத்துவிட்டது என்பது ஒன்று. தனக்கு இந்த வித்தை வராது என்பது மற்றொன்று. முதலாவது தீர்ப்புப் பிழையாயின் இழப்பு ஒரு சிறு தொகையே. இரண்டாவது பிழையாயின் இழப்புக்கு விலை கூற இயலாது. ஆகவே விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு அவனோடு புறப்பட்டேன்.

அவனுடைய கணினி வெளிநாட்டிலுள்ள மாமன் விட்டுச் சென்ற பழைய மேசைக்கணினி. அதில் இருந்த பணிசெயல் முறைமை விண்டோஸின் 10 ஆம் பதிப்பு. அப்பதிப்புக்கு வழங்கப்பட்டுவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு நின்றுவிட்டது. அடுத்த பதிப்பாகிய 11 ஐ ஏற்கும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. இயந்திரம் நன்றாயிருக்க அதனை எறிவதா என்று எண்ணிய பையன், காசு கேளாத லினக்ஸைத் தானே நிறுவிக்கொண்டான். எங்கள் வீட்டு வைபை அவர்கள் வீட்டு முன்னறை வரை எட்டும். அதனைப் பயன்படுத்துமாறு முன்னரே சொல்லியிருந்தேன். ஆனால் அக்கணினியில் வைபையைப் பற்றும் உறுப்பு இல்லை. அதனாலேயே இக்கருவியை வாங்கினான்.

அவசரமும் இருந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க ஐந்து நாளே எஞ்சியிருந்தன. எந்தக் கற்கைநெறியை முதலில் வைப்பது, எதனைப் பின்னர் வைப்பது என்பதைக் கைந்நூலைப் பலமுறை படித்தே முடிவு செய்ய வேண்டும். கடையிலே மணிக்கணக்குக் காசு கொடுத்து, பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட, அவசரத்திலே நிரப்பத்தக்க காரியமன்று அது. தாயின் கைத்தொலைபேசியோ பகலெல்லாம் அவளோடு வேலைக்குப் போய்விடும்.

கருவியைச் சோதிக்குமுன் அது யாது என்பதை இளம் மாணவர்க்குச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சின்னஞ்சிறு வானொலி. கொழும்பில் 1925 ஆம் ஆண்டில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர் வீடுகளில் வீற்றிருந்த றேடியோப்பெட்டிக்குக் காது மட்டுமே உண்டு. இக்கருவிக்குக் காதும் வாயும் உண்டு. கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். ஆனால் அதன் உள்ளேயுள்ள சில்லுக்கு எவ்வாறு கட்டளை இடவேண்டும் என்பது கணினிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அந்த அறிவைத் தாங்கிய மென்பொருளையே 'செலுத்தி' என்கிறோம். செலுத்தி இல்லாவிடின், நல்ல குரல்வளம் படைத்தவனும் மொழி தெரியாத நாட்டிலே ஊமையாய் நிற்பது போலக் கருவியும் ஊமையாய் நிற்கும்.

"முதலில், கருவி வந்திருப்பதைக் கணினி அறிகிறதா என்று கேட்போம்" என்றேன். லினக்ஸிலே முனையம் என்னும் கறுப்புச் சாளரம் உண்டு. அதில் எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிற்றெழுத்தில் இடைவெளியின்றி எழுதி விசையை அழுத்தினால், யூ.எஸ்.பி. வாயில்களிற் செருகிய பொருள்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிகள், ஒரு முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு குறிகள் என ஓர் அடையாள எண் இருக்கும். முன்னது செய்தவரைக் குறிப்பது. பின்னது பொருளைக் குறிப்பது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைக் காட்டிலும் இவ்வெண்ணே நம்பத்தக்கது.

பட்டியலிலே கருவி இருந்தது. "பாரும் தம்பி, செத்தவன் பெயர் கொடுக்கமாட்டான்" என்றேன். பையன் முகத்திலே முதன்முறையாக ஒரு சிரிப்பு.

ஆனால் ஒரு விந்தை. கணினித் திரையிலே புதிதாய் ஓர் இறுவட்டின் படமும் தோன்றியிருந்தது. இறுவட்டு எதனையும் நாம் இடவில்லை! அதனுள்ளே இருந்த கோப்பைத்தான் பையன் இரண்டு நாளாய் அழுத்தி அழுத்திக் களைத்திருக்கிறான். நடந்தது இதுதான்: இத்தகைய கருவிகளுட் சில, செருகியவுடன் தம்மை இறுவட்டாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்குரிய செலுத்தியை அவ்வேடத்திலே சுமந்துகொண்டு வரும். விண்டோஸ் அதனை எடுத்துக்கொண்டபின் வேடத்தைக் கலைத்து வைபைக் கருவியாக மாறும். லினக்ஸுக்கு அந்தக் கோப்பினாற் பயனில்லை. வேடத்தை நாமே கலைக்க வேண்டும். அந்த இறுவட்டுப் படத்தின் மீது சுட்டியை வைத்து, வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்தோம். பட்டியலை மீண்டும் வரவழைத்தபோது அடையாள எண் மாறியிருந்தது. கருவி தன் மெய்யுருவைக் காட்டிவிட்டது. சில கருவிகள் இவ்வளவிற் பணியமாட்டா. அவற்றின் வேடங்கலைக்கவென்றே 'யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்னும் சிறு மென்பொருள் லினக்ஸிலே உண்டு.

எனினும் வைபை வரவில்லை. ஏனெனில் அச்சில்லு புதியது. பையன் நிறுவிய லினக்ஸின் கருவோ சற்றுப் பழையது. புதிய கருவிலே அதற்குரிய செலுத்தி உண்டு. புதிய கருவைப் பெறுவதற்கு இணையம் வேண்டும். இணையத்தைப் பெறுவதற்குச் செலுத்தி வேண்டும்! கிணற்றைத் தோண்டத் தண்ணீர் கேட்பது போன்ற இச்சிக்கலிலேதான் புதிதாய் லினக்ஸுக்கு வருபவர் பலர் மனமுடைந்து திரும்புகின்றனர்.

அவ்வேளையில் தாய் வேலை முடிந்து வந்தாள். அவளுடைய கைத்தொலைபேசியை மின்னேற்றும் கம்பியினாற் கணினியோடு பொருத்தி, தொலைபேசி அமைப்பிலே 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தோம். மறுகணமே கணினிக்கு இணையம் வந்தது. அண்ட்ரொயிட் தொலைபேசியை இவ்விதம் கம்பியாற் பொருத்துவதற்குப் பெரும்பாலும் தனிச் செலுத்தி எதுவும் வேண்டியதில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாயிற்று.

"அக்கா, உங்கள் டேட்டா கொஞ்சம் செலவாகும்" என்றேன்.

"முடிஞ்சாலும் பரவாயில்லை மாஸ்ரர். பிள்ளையின்ரை அலுவல் நடக்கட்டும்" என்றாள் அந்தத் தாய்.

கரு புதுப்பிக்கப்பட்டது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினோம். திரையின் மூலையிலே எங்கள் வீட்டு வலையமைப்பின் பெயர் தோன்றியது. கடவுச்சொல்லை எழுதும்போது பையனின் விரல்கள் நடுங்கியதைக் கண்டேன்.

இந்தச் சின்னஞ்சிறு செலுத்திக்காக ஏன் இவ்வளவு பாடு என்று வாசகர் கேட்கலாம். லினக்ஸின் குறையென்றே பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. ஒரு சில்லு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் செய்தவரே நன்கறிவர். அவர் அதனை விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, பிறர்க்குச் சொல்லாது பூட்டி வைத்தால், மற்றவர்கள் கதவிடுக்கில் நோக்கி ஊகித்தே எழுதவேண்டும். பல்லாண்டு காலம் வைபைச் சில்லுகள் பலவற்றின் நிலை அதுவாகவே இருந்தது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்த கதையிலும் இப்படியொரு கருவி உண்டு. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வுகூடத்திலே ஓர் அச்சுப்பொறி இருந்தது. அதிலே தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் காத்திருப்போர்க்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார் அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1983 ஆம் ஆண்டில், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய 'குனூ' முறைமையை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கருவை எழுதி உலகுக்கு அளித்தார். இவ்விரு முயற்சிகளும் கூடியதே நம் பையன் நிறுவிய முறைமை.

கதவுகளும் மெல்லத் திறந்தன. சில்லுகள் செய்யும் புரோட்கொம் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் தன் வைபைச் சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த செலுத்தியை வெளியிட்டது. சில்லின் உள்ளேயே ஓடும் 'நிலைப்பொருள்' என்பது இன்னும் பெரும்பாலும் பூட்டியதாகவே உள்ளது. ஆயினும், கட்டற்ற கொள்கையிற் கண்டிப்பு மிக்க டெபியன் குழுவினர் 2022 ஆம் ஆண்டில் வாக்கெடுத்து, 2023 இல் வந்த தம் 12 ஆம் பதிப்பிலிருந்து அந்நிலைப்பொருள்களையும் நிறுவலோடு சேர்த்தே வழங்குகின்றனர். கொள்கையைப் பற்றிக்கொண்டு புதியவனை வாசலிலே நிறுத்துவதா, உள்ளே அழைத்தபின் கொள்கையைக் கற்பிப்பதா என்ற வினாவுக்கு அவர்கள் கண்ட விடை அது. ஆசிரியனாகிய எனக்கு அவ்விடை உவப்பானதே.

இனி, இவ்வழியிலே புகவிருப்போர்க்குச் சில சொற்கள். கருவியை வாங்குமுன் அதன் பெயரை அன்று, அதனுள்ளிருக்கும் சில்லின் பெயரை விசாரியுங்கள். ஒரே பெயரில் வரும் கருவியிலே முதற்பதிப்பில் ஒரு சில்லும் இரண்டாம் பதிப்பில் வேறொரு சில்லும் இருப்பதுண்டு. பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும் எந்தக் காலத்து லினக்ஸ் என்று கேளுங்கள். வலையமைப்பு எதுவும் தோன்றாவிடின், விமானப் பயண நிலை தவறுதலாய்த் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மடிக்கணினியாயின் வைபையை அடைக்கும் விசை விசைப்பலகையிலேயே இருக்கக்கூடும். செலுத்தியை நீங்களே தனியாக நிறுவினால், கரு புதுப்பிக்கப்படும் பொழுதெல்லாம் அது மறையக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. எவரோ எழுதிய கட்டளைகளைப் பொருள் விளங்காமல், அதிலும் நிருவாகி அதிகாரத்தோடு, பிரதிபண்ணி ஓட்டாதீர்கள். இது பட்டறிவு. முன்னொருகால் நானும் அவசரப்பட்டு முன்பின் அறியாத பத்துக் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாய் ஓட்டினேன். வைபையும் வரவில்லை, இருந்த முறைமையும் எழும்பவில்லை. இரவு முழுதும் விழித்திருந்து மீண்டும் நிறுவினேன். அன்றிலிருந்து ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வதும், செய்ததைக் கொப்பியிலே குறித்து வைப்பதும் என் வழக்கம்.

அறிவைப் பூட்டாமற் பகிரும் இவ்வழி அந்நியருடையது என்றும் எண்ணவேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்ததை மறந்தவர் நம்மிடையே இல்லை. அவ்வழிவை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிந்து ஒழுங்கு செய்வதற்காக இலங்கையிலே தன்னார்வலர் கூடி எழுதிய கட்டற்ற மென்பொருள்தான் 'சஹானா'. அதன் மூலநிரல் திறந்திருந்தமையால் 2005 இல் பாகிஸ்தானிய நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அங்கும் அது பயன்பட்டது. வாங்குவதற்கு மட்டும் பிறந்தவரல்லர் நாம், கொடுத்தும் இருக்கிறோம்.

பையன் மூன்று இரவு கைந்நூலைப் படித்து, நான்காம் நாள் விண்ணப்பத்தை அனுப்பினான். ஒரு கிழமை கழித்து அவன் வீட்டுப் பக்கம் போனேன். முன்னறையிலே இன்னொரு மாணவன் பழைய மடிக்கணினியோடு அமர்ந்திருந்தான். "அண்ணை, இது செத்துப்போச்சு" என்பது அவன் குரல்.

"செத்தது என்று எப்படித் தெரியும்? முதலிலே அந்த ஐந்து எழுத்தையும் அடியும், பார்ப்பம்" என்றான் நம் பையன்.

நான் உள்ளே போகவில்லை. அங்கு எனக்கு வேலை இருக்கவில்லை.