நவாபின் மகனும் நீல ஏப்ரனும்

லாட்ஜ் என்றால் தமிழருக்கு ரயிலடி எதிரே அறை வாடகைக்குக் கிடைக்கும் கட்டிடம்தான் நினைவுக்கு வரும். ஃப்ரீமேசன்கள் தங்கள் சபைக்கு வைத்திருக்கும் பெயரும் அதுவே. கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு நடத்துகிறார்கள் என்பதால் வட இந்தியாவில் ஜனங்கள் அதற்கு 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு, என்று தாங்களே பெயர் சூட்டிவிட்டார்கள்.

கம்பெனிப் பட்டாளம் போன ஊருக்கெல்லாம் லாட்ஜும் பின்னாலேயே போயிற்று. 1770களில் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று இருந்தது. மலைக்கோட்டையும் மதிலும் சிப்பாய்களுமாக இருந்த ஊர் அது. அங்கேதான் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா சபையில் சேர்ந்தார். இந்தியர்களில் முதல் மேசன் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் இவர்தான்.

லண்டன் தலைமைச் சபைக்கு ஏக சந்தோஷம். வாழ்த்துக் கடிதம், அலங்கரித்த நீல ஏப்ரன், உயர்தர பைண்டிங்கில் சபையின் விதிநூல் எல்லாம் கப்பலேறி வந்தன. (கல் கொத்துபவர் இடுப்பில் கட்டும் தோல்தான் இந்த ஏப்ரனின் மூலம். கொத்துவேலையின் சுவடே தெரியாத பிரபுக்களும் அதை ஆசையோடு கட்டிக்கொண்டார்கள்.) நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் வங்காளத்தில் கம்பெனியின் அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் ஜான் டே. நவாபின் மகன் பாரசீகத்தில் பதில் எழுதி, பொன்சரிகைத் துணியில் உறையிட்டு அனுப்பினார். லண்டனில் அதை மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினார்கள்.

கம்பெனி அதிகாரிகளிடம் கழுத்தளவு கடன்பட்டிருந்த அரண்மனைக்கு, 'சகோதரர்' என்று வெள்ளைக்காரர் வாயால் அழைக்கப்படுவது சின்ன விஷயமாகவா இருந்திருக்கும்?

1795இல் உம்தத்-உல்-உமரா நவாப் ஆனார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, தந்தையும் மகனும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்றது கம்பெனி. 1801 ஜூலையில் அவர் சேப்பாக்கம் அரண்மனையில் சாகக் கிடந்தபோது, வாசலில் கம்பெனிச் சிப்பாய்கள் நின்றார்கள். 15ஆம் தேதி உயிர் பிரிந்தது. ஆட்சியை ஒப்படைக்க மறுத்த மகன் அலி ஹுசைனை ஒதுக்கிவிட்டு, உறவினர் அசீம்-உத்-தௌலாவை நவாபாக்கினார்கள். 31ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. சட்டமிட்ட கடிதத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பட்டமும் படையும் இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. கல்கத்தா வியாபாரி பிரசன்ன குமார் தத் 1863இல் மனுச் செய்தார். மேசன் ஆக ஒரே கடவுளை நம்ப வேண்டும், இந்துக்களோ பல தெய்வங்களை வணங்குபவர்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். தத் விடவில்லை, மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1872இல்தான் உள்ளே அழைத்தார்கள்.

இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை அமைந்தது 1961 நவம்பர் 24ஆம் தேதி, டெல்லியில். சுதந்திரம் வந்து 14 ஆண்டுகள் கழித்து.