பெரியவரிடம் எதைக் கேட்பது?

தாம் வெகுகாலமாக மனத்தில் வைத்துப் போற்றிவரும் ஒரு பெரியவரை நேரில் கண்டு, தாம் தொடங்கியிருக்கும் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டுமென்று போகிற இளைஞனுக்கு நாக்கு உலர்ந்துபோவதும், வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அந்த வேளையில் மறந்துபோவதும் இயல்பு. இதைக் கோழைத்தனமென்று கருதி, மறைக்கும் உபாயங்களைக் கற்பிக்கிற வகுப்புகள் இப்போது மலிந்துவிட்டன. செய்கிற காரியத்தில் சிரத்தை உள்ளவனுக்கே இந்தச் சங்கோசம் வரும் என்பது என் அபிப்பிராயம். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: அந்தப் பெரியவரிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பது.

1896-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு, டெட்ராய்ட் நகரத்து எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் தலைமை எஞ்சினீயர். பகலில் கம்பெனியின் யந்திரங்களைப் பராமரித்து, இரவில் வீட்டுக்குப் பின்புறம் இருந்த கொட்டகையில், சைக்கிள் சக்கரங்கள் நான்கைப் பூட்டிப் பெட்ரோலில் ஓடும் வண்டியொன்றைச் செய்துவந்தார். ஜூன் மாதத்தில் அது முடிந்து வெளியே கொண்டுவரப் பார்த்தால் கொட்டகையின் வாசல் போதவில்லை. கோடரியால் செங்கற்களைப் பெயர்த்துத்தான் வழி செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்டு மாதத்தில், எடிசன் கம்பெனிகளின் மகாநாட்டுக்காக நியூயார்க்கின் மன்ஹாட்டன் பீச்சுக்குப் போயிருந்தபோது, விருந்து மேஜையில் அவருடைய மேலதிகாரி அலெக்ஸாண்டர் டோ, பெட்ரோல் வண்டி செய்தவர் இவர்தாம் என்று அவரைச் சுட்டிக்காட்டிவிட்டார். அங்கே அப்போது நடந்த பேச்சோ, மின்சார வண்டிகளின் பாட்டரிகளுக்கு மின்னேற்றும் விஷயத்தைப் பற்றியது. மின்சாரத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் கூடிய சபையில், இளமை முதல் தாம் வழிபட்டுவந்த எடிசனின் எதிரில், மின்சாரத்துக்குப் போட்டியான ஒன்றை விளக்க நேர்ந்த அந்த 33 வயது மனிதரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

எடிசனுக்குக் காது மந்தம். ஆகவே ஃபோர்டைப் பக்கத்து ஆசனத்துக்கு வரவழைத்து, காதில் கையை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினா? சிலிண்டருக்குள் வாயுவை வெடிக்கச் செய்வது மின்சாரத்தாலா? எந்த விதத்தில்? ஒவ்வொரு கேள்விக்கும் ஃபோர்டு படம் வரைந்து காட்டினார். பிரசங்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தம் கையாலேயே செய்து, ஓட்டியும் பார்த்த ஒன்றைச் சொல்ல வார்த்தை தடுமாறினாலும் பென்சில் தடுமாறாது. முடிவில் எடிசன் மேஜைமேல் ஓங்கிக் குத்தி, இதுதான் சரியான வழி, விடாமல் செய் என்றும், மின்சார வண்டி மின்நிலையத்தை விட்டுத் தூரம் போக முடியாது, பாட்டரியும் பாரம், இதுவோ தன் சக்தியைத் தானே சுமந்து செல்வது என்றும் சொன்னதாக ஃபோர்டு பிற்காலத்தில் எழுதினார். அதுவரை தமக்கு ஊக்கம் சொன்னவர் ஒருவரும் இல்லை என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். தம் சொந்தத் தொழிலின் நலத்துக்கு மாறான உண்மையை, முன்பின் அறியாத ஒருவரிடம் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்ட எடிசனின் நேர்மையை நான் அவருடைய கண்டுபிடிப்புகளுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

ஃபோர்டுக்கு முன்பே இப்படிப் போனவர் இன்னொருவரும் உண்டு. 1875-இல் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் வாஷிங்டனில் முதுபெரும் விஞ்ஞானி ஜோசப் ஹென்றியைக் கண்டு, டெலிபோனைப் பற்றிய தம் எண்ணத்தை விவரித்து, ஆனால் மின்சாரத்தில் தமக்குப் போதிய ஞானம் இல்லையே என்று தயங்கினார். அதைச் சம்பாதித்துக்கொள் என்பதே கிழவரின் பதில்! மறு வருஷத்தில் டெலிபோன் பேசியது.

ஃபோர்டு, பெல் இருவரும் பணம் கேட்கவில்லை, சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. செய்ததைக் காட்டினார்கள்; தீர்ப்பைப் பெற்றுக்கொண்டார்கள். இந்நாளிலோ பிரமுகரைச் சந்திக்கப் போகிறவர்களில் பலர், அவரோடு ஒரு படம், அவர் வாயால் ஒரு புகழ்ச்சி, முடிந்தால் கொஞ்சம் முதலீடு என்று எண்ணிப் போகிறார்கள். அவரும் தோளில் தட்டி, ‘நன்றாக வாருங்கள்’ என்று வாழ்த்தி அனுப்பிவிடுகிறார். அந்த வாழ்த்தினால் தொழிலில் ஒரு பிழையும் திருந்துவதில்லை. பெரிய மனிதர்களுக்கு அவகாசம் ஏது என்று கேட்பார்கள். எடிசனுக்கு மட்டும் ஏது?

எடிசன் சொன்ன சொல் ஃபோர்டுக்குச் சங்கடங்களைக் குறைத்துவிடவில்லை. பெட்ரோல் எஞ்சினைக் கைவிட்டால் உயர்ந்த உத்தியோகம் தருவதாகக் கம்பெனி சொன்னபோது, 1899-இல் வேலையை ராஜினாமா செய்தார். அவர் சேர்ந்து தொடங்கிய முதல் கம்பெனி கலைந்தது, இரண்டாவதை விட்டு அவரே வெளியேறினார். 1903-இல் 12 பங்குதாரர்களுடன், 28,000 டாலர் ரொக்கத்தோடு ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆரம்பமாயிற்று. அந்தப் பங்குதாரர்களில் எடிசன் இல்லை.

ஆதலால் நாளை ஒரு பெரியவரைக் காணப் போகும் இளைஞர்கள், கை நடுங்கினாலும் செய்த பொருளையோ அதன் வரைபடத்தையோ எடுத்துச் செல்லுங்கள். இதில் எது தவறு என்று கேளுங்கள். அப்படி ஒருவன் வந்து நின்றால், பெரியவர்களே, வாழ்த்துவதற்கு முன் அவனை உட்காரவைத்து இரண்டு கேள்வியாவது கேளுங்கள்.